பருவமழைக்கு முன்னால் சபைத் தொண்டர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

ஆற்றங்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில் உள்ள ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) வாலிபர் ஐக்கிய சங்கச் செயலாளராக இருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளத்தில் எங்கள் பக்கம் பட்ட பாட்டை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு பக்கம் தாமிரபரணி, மறுபக்கம் உடைந்த குளங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது நாட்டுக்கே செய்தியானது. ஊர்களுக்குள் சிக்கியவர்களை அக்கம்பக்கத்தார்தான் முதலில் பார்த்தார்கள்.

இந்த வருடம் சேகரக் கமிட்டியில் பயிற்சிக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு சனிக்கிழமைகள் கிடைக்கும். வாலிபர்கள் மிதவைச் சட்டை, கயிறு, முடிந்தால் ஒரு ரப்பர் படகு என்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முதலுதவி கேட்கிறார்கள். ஐயர் (எங்கள் போதகர்), எல்லாவற்றையும் இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்பாளன்

தம்பி, ரப்பர் படகை மறந்துவிடுங்கள். இரண்டு சனிக்கிழமையில் யாரும் வெள்ள மீட்பாளர் ஆகிவிட முடியாது. படகு இருந்தால் அதில் ஏறத் துடிப்பவன் நீச்சல் தெரிந்த வாலிபன்தான். முதலில் போய்ச் சேருபவனும் அவன்தான். கிணற்றில் குதித்து விளையாடியவனுக்கு ஓடும் வெள்ளம் புதிது. முழங்கால் அளவு ஓட்டமே ஆளைத் தள்ளிவிடும். விழுந்தவனை முள்வேலி பிடிக்கும், இல்லையென்றால் மதகு இழுக்கும்.

பயிற்சியில் சொல்ல வேண்டிய வரிசை இதுதான். முதலில் கரையிலிருந்து குரல். அடுத்து எட்டக்கூடிய கம்பு. அதற்கும் எட்டாவிட்டால் கயிறு. படகு அதற்கும் பிறகு. அதுவும் நாள்தோறும் வள்ளம் ஓட்டுகிற மீனவர் கையில். 2018 ஆகஸ்டில் கேரளத்து மீனவர்கள் லாரியில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் வரை போனார்களே, அவர்களுக்குத் தண்ணீர்தான் தொழில். உடம்போடு தண்ணீரில் இறங்குவது மீட்புப் படைகளின் வேலை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று யோசியுங்கள். அந்த இடைவெளியில் யாரையும் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் சபைத் தொண்டனின் வேலை.

கயிறு எறிய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கி, பதினைந்து மீட்டர் கயிற்றின் நுனியில் கட்டுங்கள். பள்ளி மைதானத்தில் ஒருவரை உட்காரவைத்து, அவர் தலையைத் தாண்டிக் கேன் விழும்படி எறியச் சொல்லுங்கள். முதல் எறி பாதி தூரத்தில் விழும், இல்லாவிட்டால் பக்கத்து ஆள் மேல் விழும். எறிபவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவோ இடுப்பில் கட்டிக்கொள்ளவோ கூடாது. இதை மட்டும் பத்து முறை சொல்லுங்கள்.

மூச்சு நின்றவருக்குச் செய்யும் உயிர்காப்பு முதலுதவியைப் பொம்மை வைத்துத்தான் பழக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதாது, மூச்சும் ஊத வேண்டும்: முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. நம் ஊரில் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். இரண்டுமே கெடுதல். அந்தப் பழக்கத்தை விடவைத்தாலே பாதிப் பயிற்சி முடிந்தது.

கடலோரப் பங்குக்காரி

மரியே வாழ்க! (ஸ்தோத்திரக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன்: பட்டியல் எடுக்கக் கற்றுக்கொடுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரையில் கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதே பெரிய சர்ச்சையாக இருந்தது. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்களின் கணக்கு அலுவலகத்தில் எப்படி இருக்கும்? பங்குகளில் வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியலைத்தான் பிறகு எல்லாரும் தேடி வந்தார்கள்.

அந்தப் பட்டியல் எடுப்பது சாதாரணமில்லை. எங்கள் தெருவில் அந்தோணி என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பட்டப்பெயர், படகின் பெயரும் எண்ணும், கடைசியாகப் பார்த்தவர் யார், எப்போது, இந்தத் தகவலைச் சொன்னது யார், அவருடைய போன் நம்பர். கடைசி இரண்டையும் யாரும் எழுதமாட்டார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவர் வந்து, 'அவன் லட்சத்தீவில் கரையேறிவிட்டானாம்' என்று சொல்லும்போது, அது யார் வாய்ச் செய்தி என்று தெரியாமல் ஒரு குடும்பமே பாடுபடும். காதால் கேட்டது தனி, நேரில் பார்த்தது தனி என்று இரண்டு கட்டம் போடுங்கள்.

உங்களுக்கு ஆறு, எங்களுக்குக் கடல். ஆனால் பட்டியல் ஒன்றுதான். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன; இருபது முப்பது குடும்பம் ஓர் அன்பியம். உங்களிடம் வீட்டு ஜெபக் குழுக்கள் இருக்குமே? ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பேர். மழைக்கு முன்பே எழுதி வையுங்கள்: படுக்கையில் இருப்பவர், தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர், இன்சுலின் போடுபவர். தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். 2023-இல் செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன என்பதை மறக்க வேண்டாம்.

அசனக் கமிட்டி

நம் திருமண்டலத்தில் அசனம் (சபையின் பொது விருந்து) நடத்தத் தெரியாத சேகரம் உண்டா? பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சில ஆயிரம் பேருக்குச் சோறு போடுகிறோம். அண்டா, கிடாரம், கரண்டி எல்லாம் ஆலயத்தில் இருக்கின்றன. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்பது எங்கள் கைக்கணக்கு. ஆகவே சமையல் பயிற்சி என்று யாரும் காசைக் கரைக்க வேண்டாம்.

பிரச்சினை வேறு. அசனத்தில் சாப்பிட வருகிறவர் பந்தியில் உட்கார்ந்து அங்கேயே சாப்பிடுகிறார். வெள்ளத்தில் சோறு பொட்டலமாகப் போகிறது. காலை ஆறு மணிக்கு வடித்த சாதத்தில் சாம்பாரைக் கொட்டிக் கிளறி, ஆவியோடு கட்டி, மூட்டையாக அடுக்கினால் பிற்பகலில் புளித்துவிடும். 2023-இல் எங்கிருந்தோ மூன்று மாவட்டம் தாண்டி வந்த பொட்டலங்களைப் பிரித்தபோது நாற்றம் ஆளைத் தூக்கியது. வாங்கியவர் அதைக் கொண்டுவந்தவர் முகத்துக்கு எதிரே கீழே போடவும் முடியவில்லை.

புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு கிண்டுங்கள். பாயில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். கட்டிய நேரத்தைப் பொட்டலத்தில் எழுதுங்கள். ஈர விறகை நம்பாமல் மழைக்கு முன்பே நாலு சிலிண்டருக்கு ஏற்பாடு செய்யுங்கள். குழந்தைகளுக்குப் பால் பவுடர் வேண்டாம், அதைக் கலக்க நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்?

மருந்துக்கடை அக்கா

நான் செவிலியராக இருந்து இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பெண்கள் சங்கத்து முதலுதவிப் பயிற்சியில் கட்டுப்போடுவதைக் குறைத்து இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்தான் முதல் மருந்து. நிவாரணப் பணிக்கென்று உலக அளவில் பயன்படும் ஸ்ஃபியர் கையேட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று இருக்கிறது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. நூறு பேர் தங்கினால் 1,500 லிட்டர். உங்கள் ஆலயத் தொட்டி எவ்வளவு பிடிக்கும், மின்சாரம் போனால் மோட்டார் எப்படி ஓடும் என்று கமிட்டியில் கேளுங்கள். அதே கையேட்டில் தங்குமிடம் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். அறுபதுக்கு முப்பதடி ஹாலில் அந்தக் கணக்குப்படி 47 பேர்தான் தங்கலாம். நாம் முந்நூறு பேரை அடைக்கிறோம். வெளியே அனுப்பவும் முடியாது. ஆனால் கழிப்பறை முன் எத்தனை பேர் நிற்பார்கள் என்று முன்பே தெரிந்திருக்கும்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, குவிக்காமல் கரண்டி விளிம்போடு மட்டமாக அளக்க வேண்டும். இதைக் கரண்டியும் குடமும் வைத்துச் செய்து பழகுங்கள். உப்பு கூடினால் ஆபத்து.

வெள்ளத்தில் நடந்த காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். தடுப்பு மாத்திரை யாருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவ முகாம் டாக்டர் முடிவு செய்வார். தொண்டர்கள் கையிலிருந்து எந்த ஆன்டிபயாடிக்கும் போகக் கூடாது. தொண்டர்கள் பூட்ஸ் போட வேண்டும். மூன்று மணி நேரம் செருப்போடு தண்ணீரில் நின்றுவிட்டு அதே காலோடு சமையல்கட்டுக்கு வரக் கூடாது.

பாம்புக்கடிக்குக் கீறவோ கட்டுப் போடவோ உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி மூடினால் எந்த வழி என்பதை இப்போதே எழுதி ஒட்டுங்கள்.

பழைய சேலை மூட்டை மூட்டையாக வரும். 2004-இல் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலைபோல் கிடந்ததை இன்றும் சொல்வார்கள். உள்ளாடையும் நாப்கினும் கேட்கிற பெண்ணுக்கு அந்த மலையால் ஒரு பயனும் இல்லை. 'பழந்துணி வாங்குவதில்லை' என்று வாசலில் எழுதிவைத்து, அன்போடு திருப்பி அனுப்பும் ஆள் ஒருவரைப் பழக்குங்கள். அது கடினமான பயிற்சி.

எழுப்புதல் வாலிபன்

எல்லாரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் நாம் சபை. தொண்டு நிறுவனம் இல்லை. பொட்டலத்தோடு ஒரு சுவிசேஷக் கைப்பிரதி வைத்தால் என்ன தப்பு? ஜெபித்துவிட்டுக் கொடுத்தால் என்ன தப்பு? பயிற்சியில் ஆத்தும ஆதாயத்தை, அதாவது ஆட்களைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.

கடலோரப் பங்குக்காரி

தப்பு இருக்கிறது, தம்பி. பசித்தவன் கையில் சோற்றோடு கைப்பிரதி கொடுத்தால் வாங்காமல் இருக்கும் சுதந்திரம் அவனுக்கு இல்லை. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கங்களும் நிவாரண அமைப்புகளும் 1994-இல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளிலேயே இது உண்டு: உதவியை மதத்துக்கோ கட்சிக்கோ கருவியாக்கக் கூடாது. 1962-இல் தொடங்கிய காரித்தாஸ் இந்தியாவும் அதற்கு முன்பிருந்தே இயங்கும் காசாவும் (CASA) திருச்சபைகளின் அமைப்புகள்தான். எந்த மதத்தார் என்று பார்த்து அவர்கள் உதவுவதில்லை.

அசனக் கமிட்டி

2023-இல் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த பொட்டலம் பள்ளிவாசல் ஜமாத்தார் கிண்டியது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. தம்பி, அதில் ஏதும் பிரதி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எழுப்புதல் வாலிபன்

அப்படியானால் துக்கத்தில் இருக்கிறவர் 'எனக்காக ஜெபியுங்கள்' என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்களா, அண்ணன்?

மருந்துக்கடை அக்கா

கேட்டால் தாராளமாக ஜெபியுங்கள். கேட்கும் முன் ஆரம்பிக்காதீர்கள், சாப்பாட்டு வரிசையில் ஆரம்பிக்காதீர்கள். அவ்வளவுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் களப்பணியாளர்களுக்காக வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேட்டில் மூன்று வேலைகள் சொல்லியிருக்கிறார்கள்: பார்ப்பது, கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைப்பது. நம் ஆட்களுக்குக் கேட்பதுதான் வராது. மகனைப் பறிகொடுத்தவளிடம் 'கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 'என்ன நடந்தது, விவரமாகச் சொல்லுங்கள்' என்று தோண்டுவதும் கூடாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு எந்த வேலையும் செய்யாமல், அவள் பேசினால் கேட்டுக்கொண்டு, பேசாவிட்டால் பேசாமல் பத்து நிமிடம் இருக்கப் பழகச் சொல்லுங்கள். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துச் செய்துபாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில் பிரசங்கிகள் வேகமாகக் கடந்துபோகும் ஆள் சத்திரக்காரன். காயம்பட்டவனைச் சமாரியன் கடைசிவரை தன் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ளத் தெரிந்த இடத்தில் ஒப்படைத்து, காசும் கொடுத்துவிட்டுப் போனான்.

கீழத்தெரு

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கோபப்பட வேண்டாம், பட்டாலும் பரவாயில்லை.

வீட்டு ஜெபக் குழுவை வைத்துப் பட்டியல் என்கிறீர்கள். சபைப் பதிவேட்டில் இல்லாத வீடு எந்தப் பட்டியலில் வரும்? எங்கள் தெருவில் பாதிப் பேர் உங்கள் சபை இல்லை. மீதிப் பேர் சபையிலிருந்தும் கடைசி வரிசை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தலித் குடும்பங்களை ஒதுக்கியது, தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாதது எல்லாம் அப்போதே வெளியில் வந்த செய்திதான். கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் லாரிகள் பெரிய சாலையிலேயே காலியாகிவிட்டன. உள்ளே இருந்த ஊர்கள் காத்துக்கிடந்தன. எங்கள் பக்கமும் பெரிய சாலையை ஒட்டியது ஒரு தெரு, வாய்க்காலை ஒட்டியது ஒரு தெரு. எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எனவே பயிற்சிக்கு எடுக்கும் ஆட்களிலேயே ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும். சபை உறுப்பினர் அல்லாதவர்களும் வேண்டும். வினியோக மேசையில் ஒரே குடும்பத்தார் நிற்கக் கூடாது. பொட்டலம் மிக தூரமான தெருவிலிருந்து தொடங்கி ஆலயத்தை நோக்கி வரட்டும். ஆலயத்திலிருந்து புறப்பட்டால் எங்களிடம் வரும்போது கூடை காலியாகத்தான் இருக்கும்.

படம் எடுப்பவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுக்கிறவர் சிரிக்கிறார், வாங்குகிறவர் குனிகிறார். அந்தப் படத்தைச் சபை மாத இதழில் போடுகிறீர்கள். வேண்டாம்.

ஆற்றங்கரையான்

கீழத்தெரு அண்ணனுக்கு: கோபம் இல்லை. நீங்கள் சொன்ன தெருக்களை எங்கள் ஊரிலும் விரல் விட்டுக் காட்ட முடியும். கமிட்டியில் இதை அப்படியே வாசித்தேன். இரண்டு பெரியவர்கள் எழுந்துபோனார்கள், மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்களைத் தெருவாரியாக எடுப்பதற்கு ஐயர் சம்மதித்துவிட்டார்.

கணக்கப்பிள்ளை

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அனுப்பத் துடிப்பார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கு வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. செயலாளரின் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள்.

கடலோரப் பங்குக்காரி

குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. முகாமில் இரவு யார் வேண்டுமானாலும் 'நான் வாலன்டியர்' என்று உள்ளே வருவார். தொண்டர்களுக்குப் பெயரட்டை, பதிவேடு வேண்டும். குழந்தையோடு தனியாக ஒரு தொண்டர் இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். பெற்றோரைப் பிரிந்த குழந்தையை, சொந்தக்காரர் என்று சொல்பவரிடம் நாமாக ஒப்படைக்கக் கூடாது, 1098-ஐ அழையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

ஆற்றங்கரையான்

இரண்டு சனிக்கிழமையும் முடிந்தன. முதல் நாள் கயிறும் உயிர்காப்பு முதலுதவியும், பட்டியல், உப்பு சர்க்கரைக் கரைசல். இரண்டாம் நாள் மாலை ஒத்திகை. பள்ளி ஹாலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெண்கள் சங்கத்தாரும் கீழத்தெருவார் சிலரும் வெள்ளத்தில் தப்பி வந்தவர்களாக நடித்தார்கள்.

வாசலில் மேசை போட்டுப் பெயர் எழுதியதில் வரிசை தெருவரை நீண்டது. உண்மை மழையாக இருந்தால் அத்தனை பேரும் நனைந்திருப்பார்கள். பாதியில் மாற்றி, முதலில் எல்லாரையும் உள்ளே விட்டு, உட்கார்ந்த பாயிலேயே போய் எழுதினோம். ஒரு பையன் மூன்று பெயர் கொடுத்து மூன்று பொட்டலம் வாங்கிவிட்டான். கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான். மைக்கில் சொன்ன அறிவிப்பு, காது கேளாத ஒரு தாத்தாவுக்குப் போய்ச் சேரவில்லை, பக்கத்திலிருந்தவரும் சொல்லவில்லை. சாமான் அறைச் சாவி வைத்திருப்பவர் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். இப்போது சாவி மூன்று பேரிடம் இருக்கிறது.

புளிச்சோறு இரவு எட்டு மணிக்கும் நன்றாக இருந்தது, அசனக் கமிட்டி அண்ணனுக்கு நன்றி.

இன்னொன்று. ஹாலுக்குள் இடம் இருந்தும் கீழத்தெருவிலிருந்து வந்தவர்கள் வராந்தாவிலேயே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை. மருந்துக்கடை அக்கா வந்து காட்டும்வரை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

கீழத்தெரு

வெள்ளத்தன்றும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். மைக்கில் 'எல்லாரும் உள்ளே வாருங்கள்' என்று சொன்னால் வரமாட்டார்கள். பாயை விரித்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளை வாசலில் நிறுத்துங்கள். அந்த ஆள் மேலத்தெருக்காரராக இருக்கட்டும்.

ஆற்றங்கரையான்

குறித்துக்கொண்டேன், அண்ணன். இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எழுந்துபோன பெரியவர்களில் ஒருவர் அதில் இருக்கிறார்.

தீயணைப்பு ஐயாவுக்கு ஒரு கேள்வி: கமிட்டியில் மிச்சம் இருக்கும் பணத்தில் கயிறு வாங்கலாம் என்கிறார்கள். கடையில் நைலான் கயிறு காட்டுகிறார்கள். வாங்கலாமா?

ஓய்வுபெற்ற தீயணைப்பாளன்

நைலான் தண்ணீரில் முழுகும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும், அதைக் கேளுங்கள். வள்ளத்துக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கண்ணில் படும் நிறமாகப் பாருங்கள், கறுப்பு வேண்டாம். வெயிலில் போட்டுவைத்தால் இற்றுவிடும், எனவே சாக்குப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். அதை வைத்துப் பண்டிகைப் பந்தலைக் கட்டிவிடாதீர்கள்.